டிராக்டரின் பின்அச்சுக்கு ஏற்ற கியர் ஆயில்

(திருமழிசையில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



திருமழிசை, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் வட்டாரத்தில் டிராக்டருக்கு இரண்டு வேலை உண்டு. பட்டத்தின்போது கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்யும். மற்ற நாட்களில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் பாரம் இழுக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது இந்தச் சாலையில் பார வண்டிகள் எவ்வளவு ஓடின என்பது உங்களுக்கே தெரியும். சேறானாலும் சாலையானாலும் இழுவை முழுவதையும் தாங்குவது வண்டியின் பின்அச்சுதான்.

என்ஜின் ஆயிலை நாள்தோறும் பார்க்கின்ற நாம், பின்அச்சில் உள்ள ஆயிலைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மாற்றும்போதும் கடையில் எது கிடைக்கிறதோ அதை ஊற்றிவிடுகின்றோம். பல் தேய்ந்து உடைந்தால் கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டிராக்டரைப் பிரித்து வேலை பார்க்க நாட்கள் ஆகும். அதற்குள் நடவுப் பட்டம் தவறிவிடும். ஆகவே, எந்த இடத்திற்கு எந்த ஆயில் என்பதை நாமே தெரிந்துகொள்வது நல்லது.

டிப்ரன்ஷியல் எதற்கு?

மாட்டு வண்டியில் அச்சு சுழலுவதில்லை. சக்கரங்கள் மட்டுமே அதன்மேல் சுழலுகின்றன. ஆகையால் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் தம் போக்கில் சுற்றிக்கொள்கின்றன. அச்சில் சிறிது மசகு இருந்தால் போதும்.

டிராக்டரில் அப்படி இல்லை. என்ஜினின் விசை இரண்டு பின்சக்கரங்களையும் தள்ள வேண்டும். திரும்பும்போது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்வது டிப்ரன்ஷியல். சிறிய பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுழற்றும்போது, ஒரு பல்லின் மீது மற்றொரு பல் பெரும் அழுத்தத்துடன் சறுக்கிச் செல்கின்றது. அந்த இடத்தில் ஆயில் படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் உராய்ந்து பல்லின் முகம் பொரிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

ஆயில் வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். விடை உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

முதல் கேள்வி: கனம் என்ன? டின்னின் மீது எஸ்.ஏ.இ. 90, 80டபிள்யூ-90, 140 என்று எழுதியிருக்கும். இது ஆயிலின் கனத்தை மட்டுமே குறிக்கும், தரத்தைக் குறிக்காது. ‘டபிள்யூ’ சேர்ந்த எண் குளிர் தேசங்களில் ஆயில் உறையாமல் ஓடுவதைப் பற்றியது. நம் ஊர் வெப்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் உள்ள எண்ணே நமக்கு முக்கியம். என்ஜின் ஆயில் எண்ணையும் கியர் ஆயில் எண்ணையும் ஒப்பிடக் கூடாது; அவை வேறு வேறு அளவுகோல்கள். 90 எண் கியர் ஆயில், 40 அல்லது 50 எண் என்ஜின் ஆயிலின் கனமே ஏறக்குறைய இருக்கும்.

பின்அச்சில் சத்தம் வந்தால் 140 ஊற்றிச் சமாளிப்பது சிலரது வழக்கம். சத்தம் சற்று அடங்கும், நோய் தீராது. தேவைக்கு மேல் கனமான ஆயில் பேரிங்குகளுக்குள் எளிதில் புகாது. இழுவை கூடி டீசலும் வீணாகும். கையேடு சொன்னால் மட்டுமே 140 ஊற்றுங்கள்.

இரண்டாவது கேள்வி: தரம் என்ன? இதை ஏ.பி.ஐ. ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று குறிப்பிடுவார்கள். பல்லைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து கியர் ஆயிலில் சேர்க்கப்படுகின்றது. ஜி.எல்.-5 ஆயிலில் இது ஜி.எல்.-4ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். பினியன், கிரவுன் வீலின் மையத்திற்குக் கீழே அமைந்திருக்கும் ‘ஹைப்பாய்டு’ வகையில் பற்கள் அதிகமாகச் சறுக்கும். லாரி, ஜீப், சிறிய லோடு வண்டிகளின் பின்அச்சு பெரும்பாலும் இந்த வகையே. அதற்கு ஜி.எல்.-5 தேவை.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஜி.எல்.-5 ஊற்றலாமே என்று கேட்கலாம். கூடாது. கியர் பாக்சில் பித்தளை வளையங்கள் இருந்தால், கூடுதலான மருந்து நாளடைவில் அவற்றை அரிக்கக்கூடும். கியர் விழுவதும் கடினமாகும். லோடு வண்டியில் கியர் பாக்சுக்கு ஒரு டின், பின்அச்சுக்கு வேறு டின் என்று கையேடு சொன்னால் அதில் காரணம் இருக்கின்றது.

மூன்றாவது கேள்வி: பிரேக் எண்ணெயில் மூழ்கியுள்ளதா? டிராக்டர்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிப்ரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றும் ஒரே தொட்டி ஆயிலில் இயங்குகின்றன. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாடல்களில் பிரேக் தட்டுகளும் அதே ஆயிலில் இருக்கும். ஆயில் பல்லை வழுக்க விட வேண்டும். பிரேக்கைப் பிடிக்க விடவும் வேண்டும். இதற்கென்றே தயாரிக்கப்படுவது யூ.டி.டி.ஓ. என்னும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். அதற்குப் பதில் லாரிக்கு ஊற்றும் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அதிரும், கத்தும், பிடிக்காமலும் போகும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் நெடுஞ்சாலையில் போகும்போது பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே நட்டம் பணத்தோடு நிற்காது.

பிரேக் உலர்ந்த வகையாக உள்ள பழைய டிராக்டர் என்றால், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மிகுந்த ஆயில் நுரைக்கும். சீல் வழியே கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடும்.

சேற்றுழவுக்குப் பின்

நமது பகுதியில் பின்அச்சு ஆயிலுக்குப் பெரும் பகை தண்ணீர். உழுது சூடான அச்சு, குளிர்ந்த சேற்றுநீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே சேற்றுழவு முடிந்தவுடன் மூச்சுக்குழாயைத் துடைத்து அடைப்பு நீக்குங்கள். சீல்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அளவுகோலில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். கையேட்டில் உள்ள மணிக்கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்; முழுவதையும் வடித்து மாற்றுங்கள். கசிவையும் சரிசெய்யாவிட்டால் புது ஆயிலும் அதே கதியாகும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வேலை முடிந்து ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடு கூடவே வந்துவிடும். கை சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஊற்றும் துளையின் மூடி கழலுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு வடிக்கும் மூடியைத் திறங்கள். வடித்த பின் மேல் மூடி கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

3. வடிக்கும் மூடியில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மை போன்ற நுண்தூள் இருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

4. டிராக்டரில் அளவுகோல் குறி வரையிலும், அளவுகோல் இல்லாத லோடு வண்டியில் துளையின் கீழ்விளிம்பு வரையிலும் ஊற்றுங்கள். வெவ்வேறு வகை ஆயில்களைக் கலக்காதீர்கள்.

5. சீல் உடையாத டின்னையே ரசீதுடன் வாங்குங்கள். பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், கேனில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு வாங்குபவரிடம் கொடுங்கள்.

கையேடு தொலைந்திருந்தால், வண்டியின் மாடலையும் தயாரித்த ஆண்டையும் சொல்லி அந்த நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேளுங்கள். ஒரே பெயருள்ள டிராக்டரிலும் உலர்ந்த பிரேக், எண்ணெய் பிரேக் என இரண்டும் வருவதால், பக்கத்துத் தோட்டத்து வண்டியைப் பார்த்து ஊற்றுவது சரியாகாது.

விடை தெரிந்ததும் ஆயிலின் கனம், தரம், மாற்றிய தேதி, மணிமீட்டர் எண் ஆகிய நான்கையும் மட்கார்டின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள். ஓட்டுநர் மாறினாலும், வண்டி வாடகைக்குப் போனாலும் ஆயில் மாறிப் போகாது.