பெயர் கதவைத் திறக்கும், அவ்வளவுதான்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் திருவக்கரைக்காரன். வக்கரகாளியம்மன் கோயிலும் கல்மரப் பூங்காவும் உள்ள ஊர். வாலிபால் ஆடியதால்தான் இந்தக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. கடைசி வருஷம் முழங்கால் போச்சு. "இனிமே என்னடா பண்ணப் போறே?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த தம்பிகளே, அந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். அதனால்தான் சென்னைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச நினைத்தேன்.

அமிர்தராஜ் சகோதரர்கள் மூவர்: ஆனந்த், விஜய், அசோக். விஜய் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் கால் இறுதி வரை போனவர். அவரைத் தெரியாதவர் இல்லை. நான் சொல்ல வந்தது கடைக்குட்டி அசோக்கைப் பற்றி. 1974-ல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை வந்து, அமெரிக்காவின் பில்லி மார்ட்டினிடம் தோற்றார். 1978-ல் டீம் டென்னிஸ் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டிரிங்ஸ் அணியில் விஜய், கிறிஸ் எவர்ட், நஸ்டாசே ஆகியோரோடு அவரும் இருந்தார். ஆனாலும் ஒற்றையரில் அண்ணன் தொட்ட உயரத்தை அவர் தொடவில்லை.

அடுத்து என்ன? ஹாலிவுட்டில் படத் தயாரிப்பு! அங்கே டென்னிஸ் பிரியர்கள் நிறைய. கதவு திறந்தது. ஆனால் கூட ஆடியவர் என்பதற்காக யாராவது படத்துக்குப் பணம் போடுவார்களா? சின்னச் சின்னப் படங்களாக எடுத்துத் தொழிலைக் கற்றார். வான் டாம் நடித்த 'டபுள் இம்பாக்ட்' வந்தது 1991-ல். நம் ஷங்கரின் 'ஜீன்ஸ்' 1998-ல். ஹைட் பார்க் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கியது 1999-ல். அதாவது, மட்டையைக் கீழே வைத்த பிறகு ஏறத்தாழ இருபது வருஷ உழைப்பு. அவருடைய தாயார் மேகி அமிர்தராஜ், மூன்று பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். தொழில் என்றால் என்ன என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

என் கதை ரொம்பச் சின்னது. திண்டிவனத்தில் கடன் வாங்கி ஹார்டுவேர் கடை போட்டேன். வாலிபால் பிளேயர் கடை என்றால் கூட்டம் அள்ளும் என்று நினைத்தேன். வந்தார்கள். பழைய மேட்சைப் பற்றிப் பேசினார்கள், டீ குடித்தார்கள், பைப்பை மட்டும் அடுத்த கடையில் வாங்கினார்கள்! ஏனென்றால் முக்கால் இஞ்ச் எல்போ கேட்டால் ஒரு இஞ்ச் எடுத்துக் கொடுப்பவன் நான். கூச்சத்தை விட்டு, ஒரு பிளம்பர் அண்ணனோடு ஆறு மாசம் சைட்டுக்குப் போனேன். அதற்கப்புறம்தான் கல்லாவில் காசு விழுந்தது.

ஆட்டம் நமக்குக் கொடுப்பது பெயரை மட்டுமல்ல. நேற்றுத் தோற்றவன் இன்று காலை ஐந்து மணிக்கு மறுபடி கிரவுண்டுக்கு வருகிறானே, அந்தப் பழக்கம். தொழிலுக்குக் கொண்டுபோக வேண்டியது அதைத்தான்.

எங்கள் ஊரில் மரம் கல்லாக நெடுங்காலம் பிடித்தது. ஆட்டக்காரன் வியாபாரி ஆக அவ்வளவு காலம் வேண்டாம். ஆனால் ஒரே நாளில் ஆகவும் முடியாது.

தம்பிகளே, வருகிற கோடை விடுமுறையில் இரண்டு பேர் என் கடைக்கு வாருங்கள். சம்பளம் உண்டு, கணக்கு எழுதவும் கற்றுத் தருகிறேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு விட்டுவிடுகிறேன். பிராக்டிஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.