நஞ்சைக் கையாளும் கைகளுக்குக் காவல் யார்?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பயிருக்கு நாம் தெளிப்பதை “மருந்து” என்கின்றோம். அப்பெயரே நம்மை ஏமாற்றுகின்றது. அது நஞ்சு! பூச்சியின் நரம்பை முடக்கும் சேதனப் பொசுபேற்று மனிதனின் நரம்பையும் அவ்வாறே முடக்கும். நரம்பின் ஏவலை அடக்கும் நொதியத்தை அது செயலிழக்கச் செய்கின்றது. வியர்வை பெருகும்; வாயில் நீர் ஊறும்; கண்மணி சுருங்கும்; வாந்தி வரும்; முடிவில் மூச்சே அடங்கும்.

தெளிப்போனின் உடலினுள் இந்நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகின்றது. நீர் கலவாத நஞ்சை அளந்து ஊற்றும் வேளையே மிகக் கொடியது. முகத்திற் கட்டிய துணி ஆவியைத் தடுப்பதில்லை. நனைந்தால் நஞ்சைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும்.

ஜெயரத்தினமும் அவர்தம் குழுவினரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதென்ன? இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் இந்நஞ்சுகளால் வைத்தியசாலை சென்றனர். 1,000 பேர் மாண்டனர். பெரும்பாலார் தாமே அருந்தியோர். ஆயினும், நாலில் ஒரு பங்கினர் தொழிலாலும் தற்செயலாலும் நஞ்சேறியோர்!

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1984இல் பரத்தியோன் விலக்கப்பட்டது. 1995இல் மிகக் கொடிய வகுப்பு நஞ்சுகளின் இறக்குமதி நின்றது. நன்று. ஆனால், எஞ்சியவை பாலும் தேனும் அல்ல.

ஆதலின், கையுறையும் நீண்ட சட்டையும் அணியுங்கள். வெயில் ஏறுமுன், காற்றுக்கு முதுகு காட்டித் தெளியுங்கள். அடைபட்ட குழாயை வாயால் ஊதாதீர்கள். வேலை முடிந்து சவுக்காரமிட்டுக் குளிக்குமுன் வெற்றிலையையோ சுருட்டையோ தொடாதீர்கள். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் எதையும் நிலத்தடி நீருக்கு விரைந்து இறக்கிவிடும். போத்தலைப் பூட்டி வையுங்கள். ஒருவர் மயங்கினால் உடுப்பைக் களைந்து, உடலைக் கழுவி, போத்தலுடன் வைத்தியசாலைக்கு விரையுங்கள். எந்த நஞ்சென அறிந்தாலன்றோ வைத்தியர் அத்திரோப்பீன் போன்ற மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்கலாம்?

காணி உடையோரே! நஞ்சைச் சுமப்பது பல வேளை உங்கள் முதுகன்று. நாட்கூலிக்கு வந்தவனின் முதுகு. போத்தலில் ஒட்டிய தாளை அவனுக்கு வாசித்துக் காட்டுவதும், கையுறை வாங்கிக் கொடுப்பதும் தருமமன்று, கடமை! விளைச்சலுக்குக் கணக்குப் பார்க்கும் நாம் அவன் உயிரையும் அக்கணக்கிற் சேர்ப்போமாக.