பட்டாள நர்சுகளும் கலியாணக் குற்றமும்
(திருவண்ணாமலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் தீபத்திற்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். மலை சுற்றியவனுக்குக் கால் வெடித்தாலும், நெரிசலில் மயங்கி விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே தூக்கி ஓடுகிறோம்? அங்கே கட்டுக் கட்டுகிற நர்சம்மாளைத் "தேவதை", "தியாகி" என்கிறோம். ஆனால் தேவதைக்குச் சம்பளம் போதுமா, லீவு உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. இந்தப் புகழ்ச்சியின் யோக்கியதையைப் பட்டாள நர்சுகள் விஷயத்தில் பாருங்கள்.

1888-ல் இங்கிலாந்திலிருந்து 10 நர்சுகள் பம்பாயில் வந்திறங்கியதிலிருந்து இந்த இலாகா ஆரம்பம். 1976-ல் ஜி. ஏ. ராம் அம்மையார் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படையில் அப்பதவியை எட்டிய முதல் பெண்ணே ஒரு நர்சுதான்.

அதற்கு அடுத்த வருஷம், 1977-ல் வந்த 61-வது ராணுவ உத்தரவு என்ன சொல்லிற்று? உடம்புக்கு ஆகாவிட்டால் நீக்கலாம். கலியாணம் செய்துகொண்டால் நீக்கலாம். நடத்தை கெட்டால் நீக்கலாம். வியாதிக்கும் குற்றத்துக்கும் நடுவே கலியாணம்! வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. அவர்களில் யாராவது தாலி கட்டியதற்காக வேலை இழந்ததுண்டா என்று கேட்கிறேன்.

லெப்டினன்ட் செலினா ஜான் என்கிற நர்சம்மாள் ஒரு ராணுவ அதிகாரியைக் கலியாணம் செய்தார். 1988-ல் நீக்கப்பட்டார். 1995-ல் அவ்விதி ரத்தாயிற்று. அவருக்கு வேலை திரும்பவில்லை. 2016-ல் ராணுவ நியாய மன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் சர்க்கார் அப்பீல் செய்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, அவ்விதி பெண்ணை மட்டும் தாழ்த்துகிற அக்கிரமம் என்று கூறி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பணம் வரும், போன வாலிபம் வருமா?

தோழர்களே! "நர்சுகள் வேலையில் நிலைப்பதில்லை, வெளிநாடு ஓடுகிறார்கள்" என்று மேலதிகாரிகள் அங்கலாய்க்கிறார்கள். பழகிய கையை நாமே விரட்டிவிட்டு, "போய்விட்டாளே" என்றால் நியாயமா? முறை வைத்து லீவு, குழந்தை பெற்றவளுக்குச் சலுகை, திறமைக்கு உயர்வு, குறை சொன்னால் கோபிக்காமல் கேட்கிற காது. இவைகளைக் கொடுக்கிறவனே தலைவன். மாலை போட்டுத் "தியாகி" என்கிறவன் தலைவனல்ல.

ஆகவே, தாய்மார்களே! உங்கள் பெண் வேலைக்குப் போகுமுன் அந்த இடத்து விதிகளை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களைத் தேவதை என்கிறவனிடம் ஒன்றே கேளுங்கள்: "மனுஷியாக நடத்துவாயா?"