உடுநுவரைப் பாறையில் ஒரு தமிழ்ச் சாசனம்



பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையில், மகாவலி கங்கையை அடுத்து உள்ளது எங்கள் கெலிஓயா. மேற்கே குன்றுகளும் அவற்றிடையே நெல்வயல்களுமாய் விரிவது உடுநுவரை நாடு.

இந்நாட்டுக்குத் தமிழ் கோப்பித் தோட்டங்களோடு வந்ததென்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். பெரியோரும் எண்ணுகின்றனர்! கம்பளையருகே கோப்பி பயிரானது 1820களில். ஆனால், நாலாம் புவனேகபாகு கம்பளையில் அரசிருந்த 1344ஆம் ஆண்டிலேயே, கடலாதெனிய விகாரையைத் திராவிடப் பாணியில் கல்லால் எழுப்பினான் கணேசுவராசாரி என்னும் சிற்பி. அதே காலத்து லங்காதிலக விகாரைப் பாறையிலோ சிங்களச் சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் உண்டு. விகாரைக்கு விடப்பட்ட நிலங்களை அது கூறுகின்றது.

மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். ஒரு சிறுமி நெடுநேரம் குனிந்து நோக்கி, இரண்டு எழுத்துகளை இனங்கண்டாள்.