கொதியில் புரளாத வயல்

கணிதத்திலும் புள்ளியியலிலும் இளங்கலை மாணவர்களே ஆய்வு செய்து மாநாட்டு மேடையில் பேசுகிறார்கள். பட்டமே வாங்காத பிள்ளைகளுக்கு ஆய்வு எதற்கு என்பார்கள். கும்பகோணத்தில் படித்த ராமானுஜனும் பட்டம் வாங்கும் முன்பே ஆய்வு செய்தவர்தான். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ் அவருடைய முதல் கட்டுரையை வெளியிட்டது. அவர் மேதை, எல்லாரும் அப்படியா? நியாயமான கேள்வி. ஆனால் எல்லா ஆய்வுக்கும் மேதை வேண்டியதில்லை.

நம் வயலையே பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஏனென்றால் அது கொதியில் புரண்ட சோறு, எங்கும் ஒரே வேக்காடு. வயல் அப்படிப் புரளாது. வாய்க்கால் ஓரம் ஒரு விளைச்சல், மேட்டில் வேறு விளைச்சல். அதனால்தான் விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் கண்ணுக்குச் செழிப்பாய்த் தெரியும் இடத்தை அறுப்பதில்லை. குலுக்கல் போல எண்களை வைத்து இடத்தை முடிவு செய்கிறார்கள். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அதை மட்டும் அறுத்து எடை போடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டுக் கணக்கும் இதைச் சார்ந்திருக்கிறது. அப்படியானால் எத்தனை வயல் அறுத்தால் போதும்? மேட்டு வயல் விட்டுப்போனால் கணக்கு எவ்வளவு தவறும்? இந்தக் கேள்விகளை ஆராயப் பேராசிரியரின் வழிகாட்டல் வேண்டும், மறுக்கவில்லை. மற்றபடி ஒரு நோட்டு, ஒரு தராசு, ஒரு போகம். குறுவை அறுப்பிலேயே ஒரு மாணவி இந்த ஆய்வைத் தொடங்கிவிடலாம்.