எட்டப்பன் என்ற வசவும் பிறப்பால் வரும் பழியும்

(கோவில்பட்டியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். திருநெல்வேலி சாலையில் போனால் கயத்தாறு. ஒட்டப்பிடாரத்தை ஒட்டிப் பாஞ்சாலங்குறிச்சி. மூன்றுக்கும் ஒரே கரிசல் மண், ஒரே வானம் பார்த்த வெள்ளாமை. ஆனால் 1799-ல் நடந்த ஒரு சண்டை இந்த ஊர்களுக்கு நடுவில் இன்னும் முடியாமல் கிடக்கிறது. சண்டை போட்டவர்கள் செத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாளையம் போய்விட்டது. கம்பெனி போய்விட்டது. ஜமீனும் 1948-ல் வந்த ஒழிப்புச் சட்டத்தோடு போய்விட்டது. வசவு மட்டும் போகவில்லை.

எந்த வசவு என்று உங்களுக்குத் தெரியும். கட்சி மாறியவர் எட்டப்பன். சங்கத்தில் வேறு கருத்து சொன்னவர் எட்டப்பன். கிரிக்கெட்டில் எதிரணிக்குக் கை தட்டினால்கூட எட்டப்பன். எட்டயபுரத்திலிருந்து வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளையிடம் "எந்த ஊர்?" என்று கேட்டு, பதில் வந்ததும் சிரிக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் சிலர் "கோவில்பட்டிப் பக்கம்" என்று மழுப்பிவிட்டுப் போவதை நானே கேட்டிருக்கிறேன். பாரதி பிறந்த ஊரின் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை ஏன் தயங்க வேண்டும்? இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். கிஸ்தி தகராறு முற்றி, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுடன் நடந்த சந்திப்பு மோதலில் முடிகிறது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்குகிறான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறுகிறார். எட்டயபுரத்துப் படை கம்பெனி பக்கம் நிற்கிறது, தப்பிப் போனவர்களைத் துரத்துகிறது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது எட்டயபுரம் அல்ல, புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண் முன்னால் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து மறுபடியும் கோட்டை கட்டினார். அந்த ஆண்டு மே மாதம் அதுவும் விழுந்தது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தைக் கம்பெனி பக்கம் நின்ற பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எட்டயபுரத்துக்கு அதில் நல்ல பங்கு கிடைத்தது.

பகை அதற்கு முன்பே இருந்தது. பக்கத்துப் பக்கத்துப் பாளையங்கள், ஓயாத எல்லைத் தகராறு. இருவருமே தெலுங்கு பேசும் ராஜகம்பளத்து நாயக்கர் வழி. கம்பெனி அந்தப் பங்காளிச் சண்டையைத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது.

அப்படியானால் பிடித்துக் கொடுத்த தொண்டைமான் பெயர் ஏன் வசவாகவில்லை? பாளையக்காரர்களில் கம்பெனி பக்கம் நின்றவர்கள் பலர். ஒருவர் பெயர் மட்டும் ஏன் அகராதிச் சொல்லானது? பகை தானாக வாழ்வதில்லை. அதை வாழவைக்க ஆட்கள் வேண்டும், மேடை வேண்டும். கிராமத்தில் கதைப்பாடல் இருந்தது. அதை நா. வானமாமலை பதிப்பித்தார். ம.பொ.சி. கட்டபொம்மன் வரலாற்றை எழுதி ஊர் ஊராகப் பேசினார். 1959-ல் பந்துலுவின் படம் வந்தது. சிவாஜி கட்டபொம்மன், வி.கே. ராமசாமி எட்டப்பன். அதன்பிறகு தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டப்பன் யார் என்று தெரிந்துவிட்டது. மறுபக்கம் தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று புத்தகம் போட்டார். ஒருவர் தெய்வம் என்றால் இன்னொருவர் திருடன் என்கிறார். நடுவில் வரலாறு காணாமல் போகிறது.

அதே எட்டயபுரத்துக்கு வேறு வரலாறும் உண்டு. 1750-களின் கடைசியில், கம்பெனிக்காகப் படை நடத்தி வந்த யூசுப்கானை எதிர்த்து நின்று கொல்லப்பட்ட கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் எட்டயபுரத்தோடு சேர்ந்து நின்றவர். அந்த யூசுப்கானே பிறகு கம்பெனியை எதிர்த்து 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இப்போது சொல்லுங்கள், யார் பரம்பரைத் துரோகி, யார் பரம்பரைத் தியாகி? உமறுப்புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடியது எட்டயபுரத்தில். சுப்பையாவுக்குப் 'பாரதி' பட்டம் கிடைத்தது அந்த ஊரில். நாடு முழுக்க விடுதலைப் பாட்டுக்காரனாக அறிந்த அந்தப் பாரதியே 1919-ல், எட்டயபுரம் அரச பரம்பரையின் வரலாறான 'வம்சமணி தீபிகை'யை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று அரசருக்குக் கடிதம் எழுதினான்.

தோழர்களே, எட்டப்பனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1799-ல் எட்டயபுரம் எடுத்த முடிவு தன் நிலத்துக்காகவும் பதவிக்காகவும் எடுத்த முடிவு. அதைக் கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். ஒருவன் செய்த செயலை அவன் பெயரோடும் தேதியோடும் சொல்லிக் கண்டிப்பது வரலாறு. அவன் ஊரில் ஆறு தலைமுறை கழித்துப் பிறந்த பிள்ளையின் மேல் அதை ஏற்றுவது வேறு. பிறந்த இடத்தால் ஒருவனுக்குக் குணம் உண்டு, பழி உண்டு என்று சொல்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: சாதி. பிறப்பால் இழிந்தவன் கிடையாது என்று மேடையில் சொல்லிவிட்டு, பிறப்பால் துரோகி என்று டீக்கடையில் சிரிக்க முடியாது.

இந்தப் பரம்பரைப் பகையும் பரம்பரைப் பெருமையும் யாரை மறைக்கின்றன என்று பாருங்கள். கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்றவர் கவர்னகிரி சுந்தரலிங்கம். ஒடுக்கப்பட்ட தேவேந்திரர் சமூகத்துப் பிள்ளை. வடிவுடன் சேர்ந்து கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்விட்டார் என்பது இந்த மண்ணின் வாய்மொழி. கட்டபொம்மனைக் கும்பிட்ட தமிழ்நாடு அவரோடு செத்த சுந்தரலிங்கத்தை என்ன செய்தது? 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒடுக்கப்பட்டவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவன் பெயரைத் தாங்க முடியாதவர்களும் எட்டப்பன் என்று அடுத்தவனை ஏசுகிறார்கள். அப்படியானால் அந்த வசவுக்குள் இருப்பது தேசபக்தி அல்ல.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மராட்டியத்தில் 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையைக் கம்பெனிப் படை எதிர்த்து நின்றது. அந்தப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன் போய் நின்றார். தீண்டாமையைச் சட்டமாக நடத்திய பேஷ்வா ஆட்சியை எதிர்த்தவர்களை அவர் துரோகிகள் என்று நினைக்கவில்லை. கவர்னகிரியில் ஒடுக்கப்பட்டவர் கம்பெனியை எதிர்த்தார். கோரேகானில் ஒடுக்கப்பட்டவர் கம்பெனிப் படையில் நின்றார். இரண்டையும் ஒரே அளவுகோலால், 'வெள்ளைக்காரன் பக்கமா, இல்லையா' என்று மட்டும் அளந்தால் பாதி உண்மை கைநழுவிப் போகும். இரண்டு பாளையத்துக்கும் பருத்தியும் கம்பும் விளைவித்துக் கொடுத்தவர்கள், காவல் வரியைச் சுமந்தவர்கள், கோட்டைச் சுவருக்கு மண் சுமந்தவர்கள் யார்? அவர்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் எவ்வளவு தூரம் வேறு வேறு? இந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.

பழம்பகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே ஒரு வெளிநாட்டு உதாரணம். 1389-ல் கொசோவோ களத்தில் செர்பியர்களும் உதுமானியத் துருக்கியரும் மோதினார்கள். செர்பிய நாட்டுப் பாடல்களில் அந்தத் தோல்விக்கு ஓர் எட்டப்பன் உண்டு: வூக் பிராங்கோவிச். அவர் காட்டிக்கொடுத்தார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். 600 ஆண்டு கழித்து, 1989 ஜூன் 28 அன்று, அதே களத்தில் மிலோசெவிச் பெருங்கூட்டத்தைக் கூட்டிப் பேசினார். 1995 ஜூலையில் செர்பியத் தளபதி மிலாடிச், துருக்கியரைப் பழிதீர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று கேமரா முன் சொல்லிக்கொண்டு ஸ்ரெப்ரெனிட்சாவுக்குள் நுழைந்தார். கொல்லப்பட்டவர்கள் துருக்கியர் அல்ல. அந்த மண்ணிலேயே பிறந்த போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும், ஏழாயிரத்துக்கும் மேல்.

"அப்படியானால் எல்லாவற்றையும் மறந்துவிடச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லை. அதே 1995-ல், ஆகஸ்ட் 31 அன்று, பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் இதே வட்டாரத்தில் கொடியன்குளத்துக்குள் காவல்துறை புகுந்தது. வீடுகளை உடைத்தார்கள், சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள், குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். அதை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

இரண்டு நினைவுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு நினைவு நம்மிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். கொடியன்குளத்தின் நினைவு அரசிடம் நீதி கேட்கிறது, சட்டத்தின் முன் சமம் கேட்கிறது. அடுத்த தலைமுறைப் போலீஸ்காரன் பிள்ளையை இழிவுபடுத்து என்று அது கேட்கவில்லை. எட்டப்பன் என்ற வசவு எந்த நீதியையும் கேட்கவில்லை. எதிரில் இருப்பவனைத் தாழ்த்து என்று மட்டும் சொல்கிறது. நீதி கேட்கும் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்போம். ஆளைத் தாழ்த்தும் நினைவை இறக்கி வைப்போம்.

இன்று இந்தப் பக்கம் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மாவீரர், ஒரு நாள், ஒரு ஊர்வலம், அதற்கு ஒரு தடை உத்தரவு என்றாகிவிட்டது. கட்டபொம்மன் ஒரு சாதிக்கு, அழகுமுத்துக்கோன் ஒரு சாதிக்கு, பூலித்தேவன் ஒரு சாதிக்கு, அவரோடு நின்ற ஒண்டிவீரன் வேறு சாதிக்கு. ஒரே களத்தில் நின்றவர்களையே தனித்தனித் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். அன்று பாளையம் பாளையமாகப் பிரிந்து கிடந்தது கம்பெனிக்கு வசதியாக இருந்தது. இன்று நாம் சாதி சாதியாகப் பிரிந்து கிடப்பது ஆள்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

உங்களிடம் மூன்று விஷயங்கள் கேட்கிறேன். நம் கூட்டங்களில், நம் பதிவுகளில் அந்த வசவை இனி எடுக்காதீர்கள். ஒரு தோழரின் நிலைப்பாடு தவறு என்றால், எது தவறு, ஏன் தவறு என்று சொல்லுங்கள். அதற்குச் சோம்பல்படுகிறவனுக்குத்தான் வசவு தேவைப்படுகிறது. அடுத்து, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கவர்னகிரிக்கும் போங்கள். எட்டயபுரத்துக்குப் போனால் பாரதி வீட்டோடு திரும்பாமல் உமறுப்புலவர் அடங்கிய இடத்தையும் பாருங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்ப் பழைய சண்டைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சண்டையில் யார் நிலம் யார் கைக்குப் போனது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கினால், எட்டயபுரத்துப் பிள்ளையும் பாஞ்சாலங்குறிச்சிப் பிள்ளையும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேச முடியும். பேசுங்கள்.