வார்டன் வேலைக்கா இவ்வளவு படிப்பு?



மேற்படிப்பையும் வேலையையும் பற்றி வாலிபர் கூடுகையில் பேசுங்கள் என்று ஆயரம்மா கேட்டார்கள். கம்ப்யூட்டர் வேலையைப் பற்றிப் பேச நம் சபையில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மருத்துவத்துக்கும் ஆள் உண்டு. அதனால் நம் வீடுகளில் யாரும் பேசாத ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். இங்கே பல்கலைக்கழகங்களில் அதற்கு ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் என்று பெயர். மாணவர் நலத்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறைக்கு வெளியே மாணவனுக்கு வேண்டிய பெரும்பாலானவை அவர்கள் பொறுப்பு. விடுதி, புது மாணவர் வரவேற்பு, மாணவர் சங்கங்கள், தலைமைத்துவப் பயிற்சி, ஒழுங்கு விசாரணை, மனநல ஆலோசனை என்று பட்டியல் நீளும்.

நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இந்தத் துறையில் மாஸ்டர்ஸ் செய்யப் போவதாகப் போன வருஷம் வீட்டில் சொன்னாள். அவளுடைய அப்பா கேட்ட கேள்விதான் என் தலைப்பு. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன், பெயர் சொல்லமாட்டேன். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். நம் ஊரில் வார்டன் என்றால் சாவிக்கொத்து, ஆறு மணிக்கு கேட் பூட்டு, வீட்டுக்கு வாரம் ஒரு போன். நர்சிங் படித்த காலத்தில் நானும் அப்படி ஒரு விடுதியில் இருந்தவள்தான். ஆனால் எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியில் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்ததும் அதே வார்டன் அம்மாதான். அந்த இரண்டாவது பாதியைத்தான் இந்த நாட்டில் படிப்பும் பயிற்சியும் உள்ள ஒரு தொழிலாக வளர்த்திருக்கிறார்கள்.

1937-ல் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவனை வெறும் மூளையாகப் பார்க்காதீர்கள். அவன் உடம்பு, மனசு, பணக்கஷ்டம், பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்த முழு மனிதனாகப் பாருங்கள் என்பது அதன் சாரம். இத்துறையில் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அதே 1937-ல்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சேலையூர், செயிண்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று ஹால்கள். நம்மில் அங்கே படித்த அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். எந்த டிபார்ட்மெண்ட் என்று சொல்வதற்கு முன்னால் எந்த ஹால் என்று சொல்வார்கள்.

அந்தக் கல்லூரியில் 1940 முதல் 1946 வரை பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. 1910-ல் வேலூரில் பிறந்தவர், லண்டனில் படித்தவர். அன்றைக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நாற்காலி என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு 1946-ல் அவர் ஜெனீவாவுக்குப் போனார். பின்னாளில் வேர்ல்ட் யுனிவர்சிட்டி சர்வீஸ் என்று பெயர்பெற்ற மாணவர் சேவை அமைப்பில் இணைப் பொதுச்செயலாளர் வேலை. உலகப் போர் முடிந்த நேரம் அது. பட்டினியும் காசநோயுமாகக் கிடந்த மாணவர்களுக்குச் சாப்பாடு, துணி, புத்தகம், மருந்து சேர்ப்பதுதான் அந்த அமைப்புகளின் அன்றாடக் கவலை.

அந்தச் சேவையின் வேர் 1920-ல் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் மாணவர்கள் பசியில் வாடுவதைக் கண்ட ரூத் ரவுஸ் என்ற அம்மையார், உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மூலம் உதவி கேட்டார். அதிலிருந்து வளர்ந்தது இது. டெல்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இன்றும் காய்ச்சலுக்குப் போய் நிற்கிற மருத்துவ நிலையத்தின் பெயர் டபிள்யூ.யு.எஸ். ஹெல்த் சென்டர். நர்ஸ் என்பதால் எனக்கு அந்தப் பெயர்ப்பலகை ரொம்பப் பிடிக்கும்.

ஆதிசேஷையா 1948-ல் யுனெஸ்கோவில் சேர்ந்தார். 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநர். 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். எல்லாப் பிள்ளைகளும் யுனெஸ்கோவுக்குப் போவார்கள் என்று நான் ஆசை காட்டவில்லை. மாணவனின் சாப்பாட்டையும் படுக்கையையும் கவனிப்பது படித்தவனுக்கு இறக்கம் என்று அவர் நினைக்கவில்லை, அதைத்தான் அந்த அப்பாவிடம் சொன்னேன்.

சரி, பிள்ளைகளே, இதற்குள் போவது எப்படி? பெரும்பாலோர் நுழைகிற வாசல் ஆர்.ஏ. வேலை. அதாவது ரெசிடெண்ட் அசிஸ்டெண்ட். முதல் வருஷம் விடுதியில் இருந்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஒரு மாடியில் இருக்கிற மாணவர்களுக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பல இடங்களில் அறை இலவசம், சில இடங்களில் சாப்பாடும் உண்டு. நியூ ஜெர்சியில் விடுதிக் கட்டணம் கட்டுகிற அப்பா அம்மாவுக்கு அதன் அருமை தெரியும். அப்புறம் இரண்டு வருஷ மாஸ்டர்ஸ். நம் ரட்கர்ஸிலேயே காலேஜ் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் படிப்பு இருக்கிறது. இத்துறையில் அசிஸ்டெண்ட்ஷிப் என்று ஒரு ஏற்பாடு பரவலாக உண்டு. வாரம் 20 மணி நேரம் போல ஓர் அலுவலகத்தில் வேலை செய்தால், இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், படிப்புக் கட்டணத்தில் கழிவும் கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும். அந்த வசதி இல்லாமல் பெரிய கடன் வாங்கி இதைப் படிக்காதீர்கள். இது என் சொந்த அபிப்பிராயம், கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஏன் கண்டிப்பு என்றால், தொடக்கச் சம்பளம் குறைவு. இங்கே புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒரு நர்ஸ் வாங்குவதைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். முதல் வேலை ஹால் டைரக்டர் என்றால் விடுதியிலேயே ஒரு சின்ன அப்பார்ட்மெண்ட் கிடைக்கும், வாடகை மிச்சம். ஆனால் வீடும் வார்டும் ஒன்றாகிவிடும். நானாவது ராத்திரி ஷிப்ட் முடிந்தால் ஏழரை மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர்களுக்குக் கதவைத் தட்டினால் டியூட்டி. சில வருஷங்களில் களைத்து வெளியேறுகிறவர்கள் உண்டு. அரசியலும் தொடும். டெக்சாஸில் 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த ஒரு சட்டத்தால், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கென்று இருந்த அலுவலகங்களை மூடினார்கள். ஆஸ்டினில் சிலருக்கு வேலையே போனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவள்தான் நிலைப்பாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மார்க் என்ன என்று டீன் அலுவலகத்துக்குப் போன் போட்டால், ‘சொல்ல முடியாது’ என்பார்கள். அது திமிர் இல்லை. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் பதிவேட்டின் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. நோயாளியின் சார்ட்டை அவருடைய மாமாவிடம் நான் காட்ட முடியாது அல்லவா, அது போலத்தான்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. பாலியல் தொந்தரவு போன்ற விஷயத்தை ஆர்.ஏ.விடம் சொன்னால், பெரும்பாலான கல்லூரிகளில் அவர் அதை மேலே தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியமாகவே பேச வேண்டுமா? கவுன்சலிங் சென்டருக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தால், எந்த ஊரில் இருந்தாலும், எந்த மணியானாலும், 988 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இதைச் சின்னப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யலாம்.

தலைமைத்துவம் என்று சொன்னேனே, அதைப் பற்றியும் கொஞ்சம். நம்மவர்களுக்கு லீடர் என்றால் மேடை, மைக், பொன்னாடை. இங்கே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ.விலிருந்து 1996-ல் ஒரு பயிற்சி முறை வந்தது. தலைமை என்பது பதவி அல்ல, நாலு பேர் சேர்ந்து ஒரு மாற்றத்தைக் கொண்டுவருகிற வழி என்பது அதன் அடிப்படை. அப்படிப் பார்த்தால் நம் விபிஎஸ்ஸில் எழுபது பிள்ளைகளுக்கு ஜூஸ் கணக்குப் பார்த்து, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்து, அழுகிற பிள்ளையை வெளியே கூட்டிப்போய்ச் சமாதானம் செய்கிறாளே அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி, அவள் லீடர்தான். விண்ணப்பத்தில் ‘சர்ச் வாலண்டியர்’ என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள், என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆர்.ஏ. நேர்காணலில் இதைத்தான் கேட்பார்கள்.

கல்லூரியில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் நாஸ்பா என்ற சங்கத்தின் இளநிலை மாணவர் திட்டத்தைப் பாருங்கள். 1919-லிருந்து இருக்கிற சங்கம் அது. இத்துறைக்கு வர நினைக்கிற மாணவருக்கு, அதில் வேலை பார்க்கிற ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவார்கள். எஃப்-1 விசாவில் வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமார் மட்டும், வேலை அனுமதி விதிகளை உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு இறங்குங்கள். அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

அந்தப் பிள்ளை இப்போது முதல் வருஷ மாஸ்டர்ஸில் இருக்கிறாள். அப்பாவும் போன மாதம் அவளுடைய விடுதிக்கு அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். அவள் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாள். ஆர்.ஏ. விண்ணப்பம் போட நினைக்கிறவர்கள் கீழே ஹாலில் டீ குடிக்கும்போது அவளிடம் பேசுங்கள். தன்னுடைய பழைய விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறாள்.